கடைசிச் சம்மதம்

முதலமைச்சர் குலசேகரன் ஒரே சமயத்தில் எட்டுக் கோடிப் பேரிடம் எட்டுக் கோடி விதமாகப் பேசுவார். சனிக்கிழமை சாயங்காலமானால் அவரவர் காதில் செருகிய காதுமணிக் கருவியில் அவர் குரல் ஒலிக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடும். மாநிலத்துக்கு இப்போது என்ன தேவை என்று சொல்லும். அதில் உங்கள் பங்கு இன்னதென்று உங்களுக்குப் புரிகிற மாதிரி, உங்கள் மனம் இளகுகிற மாதிரி எடுத்துச் சொல்லிவிட்டு விடைபெறும். அரசாங்கம் அதற்குச் செவியுரை என்று பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் காதுப்பேச்சு என்றார்கள்.

அந்தப் பேச்சுக்கு மூலம் எழுதியவள் உமையாள். அவள் ஒரு பக்கம்தான் எழுதுவாள். அதை ஆளாளுக்குத் தக்கபடி பிரித்து, அவருடைய குரலில் சொல்வது இயந்திரத்தின் வேலை. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அவள் மேடைப் பேச்சு எழுதியவள். மைதானம் கொள்ளாத கூட்டம் கை தட்டுவதையும் விசிலடிப்பதையும் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். பேச்சு முடிந்ததும் கூட்டம் டீக்கடை பக்கம் ஒதுங்கும். ஏரியைத் தூர்வார வேண்டும் என்று தலைவர் முழங்கியதைக் கேட்டவர்களில் மண்வெட்டி எடுத்தவர் ஒருவரும் இல்லை.

செவியுரை வந்த பிறகு ஏரிகள் நிரம்பின. ஆரணியில் ஒரு தறிக்காரர் வாரத்தில் ஒரு நாள் கரைக்கு மண் சுமந்தார். தன்னுடைய அந்தக் கூடை மண் கரையை எந்த இடத்தில் உயர்த்தியது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ரத்த வங்கிகளில் தட்டுப்பாடு என்ற பேச்சே போயிற்று. 'மக்கள் சோம்பேறிகள் இல்லை, அவர்களிடம் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்' என்று உமையாள் எல்லாரிடமும் சொல்வாள். அந்த எண்ணத்தில் அவளுக்கு அசையாத நம்பிக்கை இருந்தது.

பவளங்குடிக் கடற்சுவர் விஷயத்திலும் அப்படித்தான் தொடங்கியது.

கடல் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்தது. ஐப்பசிப் புயலுக்குள் சுவர் எழும்பாவிட்டால் ஊரே தண்ணீரில் நிற்கும். ஆனால் சுவர் போகிற கோட்டுக்கு வெளியே அலைவாய்த் தெரு அகப்பட்டுக்கொண்டது. முந்நூறு மீனவக் குடும்பங்கள். அவர்கள் வீடுகளைக் கடலுக்கு விட்டுவிட்டு உள்ளே வேறு இடத்துக்குப் போக வேண்டும். கலெக்டர் அலுவலகம் ஒரு வருஷப் போராட்டத்துக்குத் தயாராக இருந்தது. செவியுரை ஒரே மாலையில் முடித்துவிட்டது. முந்நூறு வீட்டுக்காரர்களும் காதுமணியில் கேட்ட கேள்விக்குச் 'சரி' என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்களுக்கு நன்றி சொல்லும் உரையை முதலமைச்சர் தன் வாயாலேயே பேசுவதாக ஏற்பாடு. அதில் சேர்க்க நான்கு நல்ல மனிதர்களின் கதை வேண்டும் என்று உமையாள் பவளங்குடிக்குப் புறப்பட்டாள்.

தெருவில் நுழைந்ததுமே அவளுக்கு ஏதோ உறுத்தியது. மீனவத் தெருவென்றால் சத்தம் இருக்கும். இங்கே வலை காய்ந்துகொண்டிருந்தது, ரேடியோ எங்கோ பாடிக்கொண்டிருந்தது, மனிதக் குரல் இல்லை. எதிரெதிரே வந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்தார்கள். குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றன. குடத்துக்காரிகள் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

மரியதங்கம் மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறவள். ஐம்பது வயது. நூறு பேர் கத்துகிற இடத்தில் தன் குரலை மட்டும் கேட்கவைக்கக்கூடியவள் என்று அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அவள் உமையாளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். அதற்கு மேல் பேசவில்லை.

"உங்க முடிவுக்கு முதலமைச்சர் சார்பா நன்றி சொல்லத்தான் வந்தேன் அக்கா."

"எனக்கு எதுக்கும்மா நன்றி? மத்தவங்களுக்குச் சொல்லுங்க. அவங்க கேட்ட ஒடனே குடுத்தாங்க. நாந்தான் பிடிவாதமா இருந்தேன். தெருவே தூக்கிக் குடுத்துட்டு நிக்குது, என் ஒருத்தி கதவுதான் சாத்திக் கெடந்துது."

"அப்படி யாரு சொன்னாங்க?"

"அவருதான். காதுல." மரியதங்கம் சுவரைப் பார்த்தபடி பேசினாள். "அதட்டிச் சொல்லல. எங்க அண்ணன் கடல்ல போனப்ப தேடுறதுக்கு ஊரே போட்டை எடுத்துட்டுப் போச்சு. அதைச் சொன்னாரு. 'அன்னைக்கு யாரும் கணக்குப் பாக்கலியே மரியதங்கம், இன்னைக்கு அவங்கள்லாம் குடுத்துட்டாங்க, நீ மட்டும் பாக்கி'ன்னாரு. பொறவு நான் என்ன சொல்ல? சரின்னுட்டேன். இப்ப யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியல."

உமையாள் எழுதிய பக்கத்தில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை.

பக்கத்து வீட்டில் சூசை இருந்தார். எஞ்சின் மெக்கானிக். அவரிடம் சுற்றி வளைக்காமலே கேட்டாள்.

"உங்க தெருவுல முதல்ல சம்மதம் சொன்னது யாருங்க?"

"மொதல்ல யாருன்னு தெரியாது மேடம். கடைசி யாருன்னு தெரியும்." சூசை தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான். மரியதங்கம் மைனியே குடுத்துட்டாவன்னு சொன்ன பொறவு எனக்கு வேற வழி இல்ல. ஒரு பக்கம் எனக்கு வெக்கம். இன்னொரு பக்கம் அவுக மேல கோவம். ஒரு வார்த்தை கலந்து பேசாம எப்படிக் குடுத்தாவ?"

உமையாள் ஒரு கணம் யோசித்தாள். பேசாமல் திரும்பிப் போய்விடலாம். சுவர் எழும்பும், ஊர் பிழைக்கும். ஆனால் அந்தக் குழாயடி அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவள் எழுந்து போய் மரியதங்கத்தைக் கையோடு கூட்டி வந்தாள்.

"அக்கா, நீங்க என்கிட்ட சொன்னதை இவர்கிட்டயும் சொல்லுங்க."

மரியதங்கம் சொன்னாள். சூசை நிமிர்ந்தார்.

"நீங்க கடைசியா? நாந்தான மைனி கடைசி?"

"ஏல சூசை, நீ மொதல்லயே குடுத்துட்டன்னுல்லா நான் நெனச்சிட்டு இருக்கேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மரியதங்கம் வாசலுக்குப் போனாள். எதிர் வீட்டைப் பார்த்து, "ஏ ஜெரோமினா! நீ எப்பம்ட்டி சரின்னு சொன்ன?" என்று ஏலக்கூடத்துக் குரலில் கேட்டாள். உள்ளேயிருந்து, "கடைசியாத்தான் மதினி, மன்னிச்சிருங்க" என்று அழுகிற குரலில் பதில் வந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். அதற்கடுத்த வீட்டிலிருந்தும் வந்தார்கள். சற்று நேரத்தில் தெரு முழுக்க ஆட்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் சட்டையைப் பிடித்துக் கேட்டார்கள், ஒரு கிழவர் காதுமணியைக் கழற்றி மணலில் போட்டு மிதித்தார். அத்தனை கூச்சலுக்கு நடுவே உமையாள் நின்றாள். முந்நூறு பேரும் கடைசி ஆள்.

சென்னைக்கு வந்ததும் அவள் நேரே சாதிக்கைப் பார்க்கப் போனாள். செவியுரை இயந்திரத்தைப் பராமரிக்கிற குழுவுக்கு அவன்தான் தலைவன். நல்லவன். தன் இயந்திரத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவன்.

"பொய் சொல்லச் சொல்லி அதுக்கு யாரு கத்துக்கொடுத்தது சாதிக்?"

"யாரும் கத்துக்கொடுக்கல மேடம். எல்லாரும் சம்மதிச்சிருவாங்கன்னு அது முன்கூட்டியே கணிச்சுது. நடக்கப்போறதை நடந்ததா சொல்லியிருக்கு. அப்படிச் சொன்னதால அதுவும் நடந்திருச்சு. அதோட பார்வையில அது பொய் இல்ல."

"அது சொன்ன நேரத்துல பொய்தானே?"

அவன் மறுக்கவில்லை. பிறகு, "இன்னொண்ணும் இருக்கு. நீங்க கேக்காட்டாலும் சொல்லிடறேன்" என்று சுவரிலிருந்த திரையில் பவளங்குடி வரைபடத்தைக் கொண்டுவந்தான்.

"இது இன்ஜினீயர்ங்க முதல்ல போட்ட கோடு. அலைவாய்த் தெரு சுவருக்கு உள்ளதான் இருந்துது. ஆனா சுவர் திரும்பி மேட்டைத் தொடுற இடத்துல தென்றல் நகர் வருது. அங்க இருக்கிற பூங்காவும் முன்வரிசை பங்களாவும் போகணும். அந்த ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு செவியுரை கணிச்சுது. கேஸ் போடுவாங்க, அதுக்குள்ள கடல் வந்துரும். அதனால கோட்டை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லிச்சு."

"யாரு மறுக்க மாட்டாங்களோ அவங்க வீட்டுப் பக்கம்."

"வேகமா முடியற வழி அதுதான் மேடம். நாம அதுகிட்ட கேட்டதும் வேகம்தான்."

உமையாள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரணித் தறிக்காரரின் நினைப்பு வந்தது. அந்த மண்ணை அவர் ஏன் சுமந்தார்? ஏரிக்கு மிக அருகில் இருந்ததாலா? அல்லது இல்லையென்று சொல்லத் தெரியாதவர் என்பதாலா? இத்தனை ஆண்டுகளில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

முதலமைச்சருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் காலையில் மட்டும்தான் ஆட்களைப் பார்ப்பார். உமையாள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கரகரத்த குரலில் கேட்டார்.

"இதை வெளியில சொன்னா அத்தனை சம்மதமும் உடையும்மா. சுவர் தள்ளிப்போகும். உள்ளே ஒரு லட்சம் பேர் இருக்காங்க. நாளைக்குத் தண்ணி வந்தா யாரு பதில் சொல்றது?"

"அவங்க கொடுக்க மாட்டாங்கன்னு நான் சொல்லல ஐயா. தெரிஞ்சு கொடுக்கட்டும்னு சொல்றேன். ஒரே பேச்சு. எல்லாரும் ஒரே இடத்துல உக்காந்து, பக்கத்து ஆளுக்கு என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கிட்டே கேக்கணும். நல்ல காரியத்துக்கு மக்களைக் கூப்பிட ரகசியம் எதுக்கு?"

"நேருக்கு நேர் கேட்டும் கொடுக்கலன்னா?"

"அது உங்க பேச்சோட குறை. இல்லன்னா என் எழுத்தோட குறை. சரி பண்ணிட்டு மறுபடியும் போய்க் கேப்போம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த அம்மாகிட்ட அவங்க அண்ணன் செத்ததைச் சொல்லியா கேட்டேன்?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"எட்டுக் கோடிப் பேர்கிட்ட என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது உமையா. என் குரல் போய்ப் பேசிட்டு வருது, நான் இங்க உக்காந்து இட்லி சாப்பிடறேன்." அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஏற்பாடு பண்ணு. போவோம்."

கூட்டம் பவளங்குடி மீன் ஏலக்கூடத்துத் திறந்த வெளியில் நடந்தது. அலைவாய்த் தெருக்காரர்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்தார்கள். அழைப்பு போயிருந்ததால் தென்றல் நகரிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்கள் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். எல்லாரும் காதுமணியைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

முதலமைச்சர் பேசத் தொடங்கியதும் சலசலப்பு எழுந்தது. "இது யாருல?" என்று ஒருவன் சத்தமாகவே கேட்டான். "அவரு வரலியா? அவர மாதிரி ஒருத்தரக் கூட்டியாந்துட்டாங்களா?" அவர்கள் வாராவாரம் கேட்டுப் பழகிய குரல் திடமானது, இளமையானது. இந்தக் குரல் உடைந்து, இடையில் இருமியது.

குலசேகரன் சிரித்துவிட்டார். "நான்தாம்ப்பா. உங்க காதுல பேசுறது என் நாப்பது வயசுக் குரல். அசல் இதுதான். இதை வெளிய எடுத்து ரொம்ப நாளாச்சு."

உமையாள் எழுதிக்கொடுத்த தாளை அவர் பிரித்தார். அதில் முதல் வரி, 'கடல் நம் எல்லாரையும் ஒன்றாகவே பார்க்கிறது' என்றிருந்தது. அதை வாசிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட என் பேருல பொய் சொல்லிட்டாங்க. யாரோ சொன்னாங்கன்னு நான் தப்பிச்சுக்க முடியாது, பேரு என்னோடது. நீதான் கடைசின்னு உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொன்னேன். அந்தச் சம்மதம் எதுவும் செல்லாது. எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டேன். இப்ப முதல்லேருந்து கேக்க வந்திருக்கேன்."

கூடை ஒன்று பறந்து வந்து மேடையோரம் விழுந்தது. காவலர்கள் நகர்ந்தார்கள். அவர் கையால் அவர்களை நிறுத்தினார். இரண்டு கோடுகளும் வரைந்த பெரிய துணியை மேடையில் விரித்துக் கட்டச் சொன்னார். எந்தக் கோடு யாரை வெளியே தள்ளும், முதலில் எது இருந்தது, ஏன் மாறியது என்று எல்லாவற்றையும் சொன்னார். தென்றல் நகர்க் குடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்தன.

மரியதங்கம் எழுந்தாள். அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"ஐயா, நாட்டுக்காகச் செய்யணும்னு சொல்லுதிய, சரி. எங்களுக்கும் நாடு வேணும். ஆனா எங்க பங்கு இவ்வளவுன்னு அளந்தது யாரு? அளந்தப்ப நாங்க அங்க இருந்தமா?"

"இல்லம்மா."

"சரி, நாங்க வீட்டைக் குடுக்கோம். குடை பிடிச்சிட்டு நிக்கிற இவுக என்ன குடுப்பாவ? நீங்க என்ன குடுப்பிய?"

"நான் கொடுக்க வேண்டியது ஒண்ணுதான். உங்க முன்னால வந்து நின்னு கேக்கறது. மாட்டேன்னு நீங்க சொன்னா அதையும் கேட்டுக்கறது. சுலபமா இருக்கட்டும்னு அதைப் போய் மெஷின்கிட்ட விட்டுட்டேன்."

இனி தென்றல் நகர்ப் பக்கம் வக்கீல் பேச்சு கிளம்பும் என்று உமையாள் எதிர்பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற சாதிக்கும் அதைத்தான் எதிர்பார்த்தான். கணிப்பு அப்படித்தான் சொல்லியிருந்தது.

குடைக் கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி முன்னால் வந்தார். ஓய்வுபெற்ற கண் டாக்டர் ரேணுகாதேவி. முன்வரிசையில் மூன்றாவது பங்களா அவருடையது.

"எங்ககிட்ட யாருமே கேக்கலியே?" என்றார் அவர். கோபமாகத்தான் சொன்னார். "வாராவாரம் என் காதுல என்ன வந்துது தெரியுமா? நீங்க வரி ஒழுங்காக் கட்டறீங்க, ரொம்ப நன்றி, நிம்மதியா இருங்க. அவ்வளவுதான். என் வீடு அந்தக் கோட்டுல இருந்ததே இப்பத்தான் தெரியுது. என்னைக் கேக்காமலே நான் மாட்டேன்னு சொல்லிட்டதா எழுதிக்கிட்டீங்க."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா டாக்டரம்மா?" என்றார் குலசேகரன்.

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அந்த வீடு நானும் அவரும் பார்த்துப் பார்த்துக் கட்டினது. சண்டை போட்டிருப்பேன், உங்களைத் திட்டியிருப்பேன். அதுக்கப்புறம் இந்தத் தெருவைப் பார்த்திருப்பேன், இவங்க கண்ணையெல்லாம் நான்தானே ஆபரேஷன் பண்ணினேன்." அவர் குடையை மடக்கிக்கொண்டார். "முதல்ல மாட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் சரின்னு வர்றதுக்கு ஒரு மனுஷிக்கு இடம் வேண்டாமா?"

சாதிக் மெல்லச் சொன்னான். "மேடம், தென்றல் நகர்க்காரங்க மறுத்ததா எங்க பதிவுல எங்கயும் இல்ல. செவியுரை வந்த நாள்லேருந்து அவங்ககிட்ட எதையும் கேட்டதாவும் இல்ல. கேக்காததையே அது மறுப்புன்னு படிச்சிருக்கு."

அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. தென்றல் நகரில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். அலைவாய்த் தெருவில் சிலர் ஓரடி மண்ணும் தர மாட்டோம் என்றார்கள். பல வாரம் ஏலக்கூடத்தில் உட்கார்ந்து பேசி மூன்றாவது ஒரு கோட்டைப் போட்டார்கள். டாக்டரம்மாவின் பங்களாவும் இன்னும் சில வீடுகளும் போயின. அலையோரத்து முதல் வரிசைக் குடும்பங்கள் பூங்காவில் மிச்சமிருந்த இடத்துக்கு வந்தன. மீதித் தெரு சுவருக்கு உள்ளே நின்றது. படகுக்கு எவ்வளவு அகலத்தில் வழி விடுவது என்று மரியதங்கமும் ரேணுகாதேவியும் போட்ட சண்டை ஊர் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்ததையும் ஊர் பார்த்தது.

சுவர் முடிவதற்குள் புயல் வந்துவிட்டது. திறந்து கிடந்த பகுதியில் இரண்டு தெருக்காரர்களும் மணல் மூட்டையைக் கைமாற்றி அடுக்கினார்கள். கடைவீதியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, பதினைந்து படகுகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை.

அடுத்த தேர்தலில் குலசேகரன் தோற்றார். சுவரைத் தாமதப்படுத்தியவர் என்று எதிர்க்கட்சி செய்த பிரசாரம் எடுபட்டது. 'நான் மறுபடியும் நின்னாலும் அதைத்தான் செய்வேன் உமையா' என்று சொல்லிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். செவியுரையை நிறுத்த முடியவில்லை. ஆனால் உங்களுக்குச் சொன்னதை அடுத்தவரும், அடுத்தவருக்குச் சொன்னதை நீங்களும் கேட்டுப்பார்க்கலாம் என்று சட்டம் வந்தது.

சுவர் திறப்பு விழாவுக்குப் புதிய முதலமைச்சர் வந்தார். அவருக்கும் உரை எழுதியவள் உமையாள்தான். மனம் வைத்து எழுதியிருந்தாள். அவர் கம்பீரமாக வாசித்தார்.

"இந்தச் சுவரைப் போல நம் மாநிலமும் உயர வேண்டும். அதற்கு நாம் ஒவ்வொருவரும் தியாகத்துக்குத் தயாராக வேண்டும்!"

அவர் கைதட்டலுக்காக நிறுத்தினார். கைதட்டல் வரவில்லை. முன்வரிசையில் ஜெரோமினா எழுந்து நின்றாள்.

"ஐயா, பொதுவாச் சொல்லாதிய. என்ன வேலை, யாரு யாரு எவ்வளவு குடுக்கணும், அதைச் சொல்லுங்க. எங்க கேள்விய நாங்க பொறவு கேக்கோம்."

முதலமைச்சர் தாளைப் பார்த்தார். தாளில் அதற்குப் பதில் இல்லை. மேடையின் பின்னால் நின்ற உமையாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் பயமில்லை. தன் வாக்கியம் இப்படி உடைவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவளே நினைத்ததில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"உக்காந்துக்கங்க ஐயா," என்றாள். "இவங்க எழுந்து போக மாட்டாங்க. நேரமாகும்."